ரோல் முடியட்டும் என்று காத்திருப்பவர்களுக்கு

பீரோவிலும் மேசை இழுப்பறையிலும் யாரோ ஒருவருடைய, ஒரே ஃபிலிம் ரோலோடு வரும் யூஸ் அண்ட் த்ரோ கேமராவை வைத்துக்கொண்டிருக்கும் அன்பர்களே,

உங்களை எனக்குத் தெரியாது. எந்த ஊர், எந்த நாடு என்பதும் தெரியாது. அந்தக் கேமராவைப் பூங்கா பெஞ்சிலிருந்து எடுத்திருப்பீர்கள், இல்லையென்றால் பயணத்தில் பக்கத்து சீட்டுக்காரர் உங்கள் கையில் திணித்திருப்பார். மேலே ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். சில படங்கள் எடுங்கள், முன்பின் தெரியாத இன்னொருவரிடம் கொடுங்கள், கடைசியாக வைத்திருப்பவர் இந்த முகவரிக்குத் தபாலில் அனுப்புங்கள் என்று. நீங்களும் ஆசையாக இரண்டு மூன்று எடுத்தீர்கள். அதன்பிறகு யாரிடமும் கொடுக்கவில்லை, அனுப்பவும் இல்லை. சரி, திட்டுவதற்காக இந்த மடலை எழுதவில்லை. எட்டு வருடம் நானும் உங்கள் கட்சியில்தான் இருந்தேன்.

2016 அக்டோபரில் மதுரையிலிருந்து ராமேஸ்வரம் போகும் பாசஞ்சர் ரயிலில் அது என் கைக்கு வந்தது. எதிர் சீட்டில் அறுபது வயது தாண்டிய ஒரு வெள்ளைக்கார அம்மா. பரமக்குடி வரை ஒன்றும் பேசவில்லை. என் அம்மா கட்டிக் கொடுத்த புளியோதரையில் பாதியை அவரிடம் நீட்டினேன். சாப்பிட்டுவிட்டுப் பையிலிருந்து அந்தக் கேமராவை எடுத்தார். கவுண்டரில் 9 என்று இருந்தது, அதாவது 27 படத்தில் இன்னும் ஒன்பது மிச்சம். அவருக்கு முன்னால் எத்தனை பேர் கையில் இருந்தது என்று அவருக்கே தெரியவில்லை. ஏதோ ஒரு விடுதியில் இன்னொரு பயணி கொடுத்ததாகச் சொன்னார். ‘மூன்று போதும், மிச்சத்தை வேறு யாருக்காவது விட்டுவையுங்கள்’ என்றார்.

மூன்று எடுத்தேன். ஒன்று, ஜன்னல் வழியே பாம்பன் பாலம். இரண்டு, டீ விற்க வந்தவர். மூன்று, வீட்டுக்கு வந்தபிறகு சமையலறையில் அம்மா. கவுண்டர் 6-க்கு வந்தது. அடுத்து யாரிடமாவது கொடுக்க வேண்டும். அங்கேதான் வண்டி நின்றது.

முன்பின் தெரியாதவரிடம் ஒரு பொருளைக் கொடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று அதற்கு முன் நான் யோசித்ததே இல்லை. பெரியார் பஸ் ஸ்டாண்டில் ஒரு கல்லூரிப் பையனிடம் நீட்டினேன். ‘வேணாம்ண்ணே, காசு இல்ல’ என்றான். விற்கவில்லை தம்பி, சும்மாதான் தருகிறேன் என்றதும் இரண்டடி பின்னால் போய்விட்டான். சும்மா தருகிறேன் என்றால் நம் ஊரில் யாருக்குத்தான் பயம் வராது? எங்காவது வைத்துவிட்டு வந்துவிடலாமா என்று பார்த்தால், கேட்பாரற்றுக் கிடக்கும் பொருட்களைத் தொடாதீர்கள் என்று ஸ்டேஷனில் மைக்கில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். பேட்டரியும் ஒயரும் உள்ள ஒரு பெட்டியைப் பெஞ்சில் வைத்துவிட்டு நடந்தால் போலீஸ் நாய்தான் முதலில் வரும். ஐரோப்பிய ஊர்களில் பூங்காவில் விட்டுவிட்டுப் போகும் பழக்கம் நமக்குச் சரிப்படாது என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு, கேமராவைப் பீரோவில் அம்மாவின் பட்டுச்சேலைகளுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

இன்னொரு காரணமும் உண்டு. அது உங்களுக்கும் இருக்கும் என்று நினைக்கிறேன். ரோல் முடியவில்லை.

ஃபிலிம் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு இது ரத்தத்தில் ஊறிய விஷயம். 36 படம் கொண்ட ரோலைக் கேமராவில் போட்டால் ஒரு காதுகுத்து, ஒரு பள்ளிச் சுற்றுலா, பொங்கல், பெரியப்பா வீட்டுக் கிரகப்பிரவேசம் எல்லாம் அதிலேயே அடங்க வேண்டும். நாலு படம் மிச்சமிருக்கும்போது யாராவது கேட்டால், ‘ரோல் முடியட்டும், அப்புறம் கழுவலாம்’ என்பார் அப்பா. அந்த நாலு படத்துக்காக ஆறு மாதம் காத்திருப்போம். கடைசியில் பொறுமை போய், நாய்க்குட்டியையும் மாடியில் காயும் துணியையும் எடுத்து ரோலை முடித்து ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோவோம். எங்கள் வீட்டு ஆல்பங்களில் காரணமே இல்லாத நாய்ப் படங்கள் இருப்பது இதனால்தான். அப்படிப் பழகிய கைக்கு, ஆறு படம் மிச்சமுள்ள ரோலை அனுப்ப மனம் வரவில்லை. சோறு போட்ட இலையை மூடிவிட்டு எழுவது மாதிரி இருந்தது.

இப்போது சொல்கிறேன், அது தேவையே இல்லாத தயக்கம். இந்தக் கேமரா வேலை செய்யும் விதம் அப்படி.

சாதாரணக் கேமராவில் ஃபிலிம் டப்பாவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். ரோல் முடிந்ததும் திரும்பச் சுற்றி உள்ளே அனுப்ப வேண்டும். யூஸ் அண்ட் த்ரோ கேமராவில் தலைகீழ். தொழிற்சாலையிலேயே ஃபிலிம் முழுவதையும் வெளியே இழுத்து மறுபக்கம் சுற்றி வைத்துவிடுகிறார்கள். நாம் ஒரு படம் எடுத்துச் சக்கரத்தைத் திருப்பும்போது, எடுத்த படம் டப்பாவுக்குள் போய்விடும். அதாவது உங்களுக்கு முன்னால் எடுத்தவர்களுடைய படங்கள் எல்லாம் ஏற்கெனவே டப்பாவுக்குள் பத்திரமாக இருக்கின்றன. வெளியே இருப்பது இன்னும் எடுக்காத வெற்று ஃபிலிம் மட்டும்தான். கேமராவின் பிளாஸ்டிக் விரிசல் விட்டு வெளிச்சம் புகுந்திருந்தால்கூடப் போவது பெரும்பாலும் அந்த வெற்றுப் பகுதிதான். பாதி ரோலாக இருந்தாலும் லேபில் கழுவித் தருவார்கள். ஆறு படம் மிச்சம் என்பதற்காக 21 படத்தைச் சிறையில் வைத்திருந்தேன்.

ஜப்பானில் ஃபியூஜி கம்பெனி 1986 ஜூலையில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது ‘உட்சுருன் தெசு’ என்று ‘படம் விழும்’ என்கிற மாதிரி ஒரு விளையாட்டுப் பெயர் வைத்தார்கள். அங்கே தொழில் வட்டாரத்தில் இதைக் கேமரா என்று சொல்வதில்லை. ‘லென்ஸ் பொருத்திய ஃபிலிம்’ என்பார்கள். எனக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடித்திருக்கிறது. நாம் கேமராவை வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். நம்மிடம் இருப்பது மற்றவர்களுடைய ஃபிலிம். பெட்டியோடு தபாலில் போடுவதும் புதிதல்ல. 1949-லேயே அமெரிக்காவில் ஃபோட்டோ-பேக் என்று ஓர் அட்டைக் கேமரா வந்தது. எட்டுப் படம் எடுத்துவிட்டுப் பெட்டியை அப்படியே தபாலில் அனுப்பினால் கழுவிக் கொடுப்பார்கள்.

உலகம் முழுக்க இப்படிக் கேமராக்களை ஊர்சுற்ற விட்டவர்களில் பலருக்கும் தெரிந்த பெயர், 2008-இல் பிரிட்டனில் தொடங்கிய ‘டிஸ்போசபிள் மெமரி ப்ராஜெக்ட்’. கேமராவுக்கு ஓர் எண் கொடுத்து ஏதாவது ஓர் ஊரில் பொது இடத்தில் விட்டுவிடுவார்கள். கிடைத்தவர் படம் எடுத்து அடுத்தவருக்குத் தர வேண்டும். போன கேமராக்களில் பெரும்பகுதி திரும்பவில்லை. இந்த மாதிரி முயற்சி எதை எடுத்துப் பார்த்தாலும் கதை இதுதான். திருடு போயிருக்கும், மழையில் நனைந்திருக்கும், குப்பை என்று கூட்டித் தள்ளியிருப்பார்கள் என்று நடத்துகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். என் சந்தேகம் வேறு. நல்ல மனசுக்காரர்களுடைய பீரோக்களில்தான் நிறைய இருக்கும்.

லண்டனில் கஃபே ஆர்ட் என்ற அமைப்பு 2015-இல் வீடில்லாமல் தெருவிலும் தங்குமிடங்களிலும் வாழ்பவர்களுக்கு 100 யூஸ் அண்ட் த்ரோ கேமராக்களைக் கொடுத்தது. 80 திரும்பி வந்தன. அதிலிருந்து தேர்ந்தெடுத்த படங்களை வைத்துக் காலண்டர் போட்டார்கள். ஒரே ஊர், சில நாட்கள்தான் கெடு, வாங்கிக்கொள்ள ஆள் காத்திருந்தார், அதனால் நம் கதையோடு அப்படியே ஒப்பிட முடியாது, ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் பூட்டி வைக்க ஓர் இழுப்பறைகூட இல்லாதவர்கள் நூற்றுக்கு எண்பதைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள் என்று படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை.

இன்னொன்று அதைவிடக் கனமானது. 2015 டிசம்பரில் கெவின் மெக்எல்வனி என்ற ஜெர்மன் புகைப்படக்காரர், துருக்கியிலிருந்து கிரீஸ் வழியாக ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்த அகதிகளிடம் 15 யூஸ் அண்ட் த்ரோ கேமராக்களையும் தபால்தலை ஒட்டிய உறைகளையும் கொடுத்தார். உங்கள் பயணத்தை நீங்களே எடுங்கள் என்றார். ஏழு வந்து சேர்ந்தன. ஒன்று தொலைந்தது, இரண்டு பறிமுதலாயின, இரண்டு துருக்கியின் இஸ்மிர் நகரத்தில் மேலே போக வழியில்லாமல் நின்றுவிட்டவர்களிடமே இருந்தன. மூன்று கேமராக்களைப் பற்றியும் அதை வைத்திருந்தவர்களைப் பற்றியும் தகவல் இல்லை. எங்கே தங்குவோம் என்று தெரியாமல் கடல் தாண்டியவர்களில் ஏழு பேர் ஒரு தபால் பெட்டியைத் தேடிப் போட்டிருக்கிறார்கள். என் வீட்டிலிருந்து தபால் நிலையம் நடந்து போனால் ஆறு நிமிடம்.

2024-இல் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பீரோவை நகர்த்தினோம். சேலைகளை எடுக்கும்போது கேமராவும் அந்துருண்டை வாசனையோடு வெளியே வந்தது. அம்மா அதை அடையாளம் கண்டுகொண்டு, ‘அந்தப் பொம்பளை குடுத்ததுதானே, இன்னுமா அனுப்பல?’ என்றார். எட்டு வருடத்தில் ஒரு தடவைகூடக் கேட்காதவர்.

அப்போது எனக்கு வந்த அடுத்த சாக்கு, இனிமேல் அனுப்பி என்ன பயன், ஃபிலிம் செத்திருக்கும் என்பது. உங்களுக்கும் அதே எண்ணம் வரும். சூடும் ஈரமும் ஃபிலிமுக்கு எமன் என்பது உண்மைதான். நிறம் மாறும், புகை படிந்த மாதிரி ஆகும், புள்ளி புள்ளியாக வரும். ஆனால் ஃபிலிம் நாம் நினைப்பதைவிடப் பிடிவாதக்காரப் பிறவி. 1897-இல் சுவீடனைச் சேர்ந்த மூன்று பேர் பலூனில் வடதுருவத்துக்குக் கிளம்பி, பனியில் இறங்கி, இறந்துபோனார்கள். அவர்களில் ஸ்டிரிண்ட்பெரி என்பவர் எடுத்த ஃபிலிம், 33 வருடம் கழித்து 1930-இல் ஒரு தீவில் அவர்களுடைய உடல்களோடு கிடைத்தது. கழுவியதில் 93 படங்கள் தேறின. அது பனிக்கட்டி, இது மதுரை வெயில் என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். ஆனால் கழுவிப் பார்க்காமல் செத்துவிட்டது என்று எப்படிச் சொல்வது?

ஒட்டியிருந்த முகவரி நெதர்லாந்தில் ஒரு தபால் பெட்டி எண். அதன் கீழே ஒரு மின்னஞ்சல். முதலில் அதற்கு எழுதிக் கேட்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். இந்த மாதிரி முயற்சிகளில் பல இப்போது நின்றுபோய்விட்டன, முகவரி மாறியிருக்கும். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. முயற்சியை எப்போதோ நிறுத்திவிட்டோம், வரும் கேமராக்களை மட்டும் இன்னும் கழுவிக்கொண்டிருக்கிறோம், இதுதான் புது முகவரி, அனுப்புங்கள் என்று. ஏன் இவ்வளவு தாமதம் என்று ஒரு வார்த்தை இல்லை. கேட்டிருந்தாலாவது கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

படங்கள் ஸ்கேன் ஆகி வந்தன. 21-இல் 17 தேறியிருந்தன. எல்லாவற்றிலும் செந்நீலமாக ஒரு சாயல், ஓரங்களில் புகை. என் மூன்றைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், வெட்கக்கேடு. பாம்பன் பாலத்தில் பாதியை என் விரல் மறைத்துவிட்டது. அந்தப் பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுபோனது, இப்போது பக்கத்திலேயே புதுப் பாலம். திரும்ப எடுக்க வழியில்லை. டீக்காரர் முகம் கலங்கல், ஏனென்றால் இந்தக் கேமராவுக்கு ஒரு மீட்டருக்குக் கிட்டே தெளிவு கிடையாது, நானோ மூக்குக்கு நேரே வைத்து எடுத்திருக்கிறேன். அம்மா படத்தில் ஃபிளாஷ் போட மறந்ததால் சமையலறை இருட்டில் ஒரு தோசைக்கரண்டியும் வளையலும் மட்டும் தெரிகின்றன. அம்மா அதைப் பார்த்துவிட்டு, ‘நான்தான், வளையலைப் பாரு’ என்றார்.

மற்ற 14-ல் பனி மூடிய ஒரு கார், ஒரு கல்யாண மண்டபத்தின் பின்வாசல், யாரோ ஒருவருடைய பாதங்கள், ரயிலில் எனக்கு அதைக் கொடுத்த அம்மா ஒரு படகில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு. அவர் முகத்தைப் பார்த்ததும் குற்ற உணர்ச்சி தொண்டை வரை வந்துவிட்டது. நடத்துபவர்கள் மூலமாக அவருக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். இரண்டு பக்கம். நான்கு நாளில் பதில். ரயில் பயணம் நினைவிருக்கிறது, கேமரா கொடுத்தது நினைவில்லை, அந்தப் புளிப்புச் சோற்றுக்கு என்ன பெயர் என்று கேட்டிருந்தார்.

இப்படி முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் நடத்துபவர்கள் தனியே இன்னொரு வரி எழுதியிருந்தார்கள். ஆறாவது, ஏழாவது படம் ஒரு சைக்கிள் ரிப்பேர் கடை. டயர்கள் தொங்குகின்றன, வாசலில் ஒருவர் கைகளைத் துடைத்தபடி நிற்கிறார். போர்ச்சுகலில் ஒரு சின்ன ஊர். கடையைக் காலி செய்வதற்கு முந்தின வாரம் அவருடைய மகள் எடுத்தது. அந்தக் கேமரா வந்துவிட்டதா என்று அந்த மகள் இரண்டு முறை கேட்டு எழுதியிருக்கிறார், 2017-இல் ஒரு தடவை, 2020-இல் ஒரு தடவை. கைபேசியிலும் எடுத்திருப்பார்களே என்று உடனே எனக்குள் ஒரு சமாதானம் எழுந்தது. எடுத்திருக்கலாம். இரண்டு முறை எழுதிக் கேட்கிறவருக்கு வேண்டியது இந்தப் படம்தான் போலிருக்கிறது.

எட்டு வருடமும் நான் யாரிடம் கடன்பட்டிருப்பதாக நினைத்தேனோ அவருக்கு அது நினைவே இல்லை. கடன் கொடுத்தவர், நான் பெயர்கூடக் கேள்விப்படாத ஒருவர். உங்கள் கேமராவிலும் அப்படி யாராவது இருப்பார்கள். நமக்குக் கொடுத்தவர் ஒருவரைத்தான் நாம் பார்த்தோம். அவருக்கு முன்னால் இருந்த வரிசை நமக்குத் தெரியாது.

அதனால் சில விஷயங்கள், அனுபவப்பட்டவன் என்ற முறையில்.

அடுத்த ஆளைத் தேடாதீர்கள். உங்களோடு சங்கிலி நின்றுவிட்டது என்று ஒத்துக்கொள்ளுங்கள், அதில் ஒரு குற்றமும் இல்லை. மிச்சப் படங்களை எடுக்கத் தோன்றினால் இன்று சாயங்காலத்துக்குள் எடுத்து முடியுங்கள், துணிக்கொடி, பூனை, எதுவானாலும். பண்டிகை வரட்டும் என்றால் அது அடுத்த வருடம்தான். அடுத்தவர் முகத்தை எடுத்தால் கேட்டுவிட்டு எடுங்கள், படம் எங்கே போகும் என்று நமக்கே தெரியாது.

உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்காதீர்கள். வெளிச்சம் பட்டு வெற்று ஃபிலிம் போவது ஒரு பக்கம், ஃபிளாஷுக்கான கெபாசிட்டரில் 300 வோல்ட் வரை தேங்கியிருக்கும். ஒரு பென்சில் பேட்டரியில் ஓடுகிற சாமான்தானே என்று நினைத்துக் கைவைத்த என் சித்தப்பா பையன் ஸ்க்ரூ டிரைவரைச் சுவர் வரை எறிந்தான்.

வெளிநாடு போகிறவரிடம் கொடுத்து அனுப்பினால், செக்-இன் பெட்டியில் வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அங்கே போடும் ஸ்கேன் பலமானது, ஃபிலிமில் பட்டை பட்டையாக விழுந்துவிடும். கைப்பையை ஸ்கேன் செய்யவும் பெரிய விமான நிலையங்களில் இப்போது சிடி ஸ்கேன் எந்திரங்கள் வந்துகொண்டிருக்கின்றன, அவற்றிலும் ஃபிலிமுக்கு அதே ஆபத்துதான். கழுவாத ஃபிலிம் இருக்கிறது, கையால் சோதியுங்கள் என்று பணிவாகக் கேட்டுப் பார்க்கலாம். கேட்பதில் தப்பில்லை, சில இடங்களில் ஒத்துக்கொள்கிறார்கள். தபாலில் என்றால் பார்சல் மேலே ‘கழுவாத ஃபிலிம், எக்ஸ்ரே வேண்டாம்’ என்று பெரிதாக எழுதுங்கள். யாராவது படிப்பார்கள் என்ற நம்பிக்கைதான்.

சுங்கப் படிவம் ஒன்றை நிரப்பச் சொல்வார்கள். உள்ளே என்ன பொருள் என்பதற்கு ‘பயன்படுத்திய கேமரா’ என்று எழுதினேன், உள்ளே பேட்டரி இருப்பதையும் சொன்னேன். மதிப்பு என்ற கட்டத்தில் என்ன போடுவது என்று தெரியாமல் நின்றேன். கவுண்டரில் இருந்த அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, ‘யூஸ் அண்ட் த்ரோதானே சார், நூறு ரூபான்னு போடுங்க’ என்றார். நூறு என்று போட்டேன்.

இப்படிக்கு,
எட்டு வருடம் வைத்திருந்த ஒருவன்,
மதுரை